தேத்தண்ணியில் சீனியைக் குறைக்க, முதலில் தேயிலையைப் பாருங்கள்

கோலாலம்பூர் செந்தூலில் எங்களுடையது நான்கு மேசை போட்ட ஒட்டுக்கடை. விடிகாலை ஐந்தரைக்கு அடுப்பு மூட்டினால் பத்தரைக்கெல்லாம் தோசைக்கல் ஆறிவிடும். இருபத்திரண்டு வருஷமாகத் தே கலக்குவது நான்தான். போன வருஷம் வீட்டுக்காரருக்கு இனிப்புநீர், அதாவது நீரிழிவு என்று கிளினிக்கில் சொன்ன பிறகுதான், என் கை ஒரு கிளாஸுக்கு எவ்வளவு பால் ஊற்றுகிறது என்று நிறுத்துப் பார்க்கத் தோன்றியது.

நீங்களும் அதிலிருந்தே தொடங்குங்கள். கேக் மாவு நிறுக்கிற சின்ன தராசு போதும். காலி கிளாஸை வைத்து எண்ணைப் பூஜ்யமாக்கிவிட்டு, யோசிக்காமல், தினமும் ஊற்றுகிற மாதிரியே டின் பாலை, அதாவது சீனி சேர்த்த கெட்டிப் பாலை, ஊற்றுங்கள். எனக்கு 48 கிராம் காட்டியது. டின்னைத் திருப்பி 'ஜும்லா குலா' (மொத்தச் சீனி) என்ற வரியைத் தேடினேன். 100 கிராமுக்கு 55 கிராம். ஆக, ஒரு கிளாஸிலேயே 26 கிராம் சீனி. சேர்க்கும் சீனி பெரியவர்களுக்கு நாளைக்குச் சுமார் 50 கிராமைத் தாண்டக்கூடாது, 25க்குள் நின்றால் இன்னும் நல்லது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். இவர் குடிப்பது நாளைக்கு மூன்று கிளாஸ். மீதிக் கணக்கை நான் போடவில்லை.

அன்றைக்கு இன்னொன்றும் கண்ணில் பட்டது. நாம் பால் பால் என்கிறோமே, அந்த டின்னில் பெரும்பாலும் 'கிரிமர் மானிஸ்' (இனிப்புக் கிரீமர்) என்றுதான் போட்டிருக்கிறது. செம்பனை எண்ணெய், அதாவது பாமாயில், சேர்ந்த சரக்கு அது.

மறுநாளே எல்லாருக்கும் பாதியாகக் குறைத்தேன். அப்படிச் செய்யாதீர்கள். "என்னாக்கா, பால் முடிஞ்சு போச்சா?" என்று கேட்டார் லாரி ஓட்டுகிற தம்பி. இன்னொருவர் பாதி கிளாஸை அப்படியே வைத்துவிட்டுப் போனார். வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. எதிர்ச் சந்துக் கடைக்குப் போய்த் திரும்பி வந்தவருக்கு மீசையில் நுரை.

பாதியில் வைத்துவிட்டுப் போனவரின் தேயை நானே குடித்துப் பார்த்தேன். கசப்பு, துவர்ப்பு, நாக்கில் சாக்கு தேய்த்த மாதிரி. எல்லாக் கடையும் போலத்தான் நாங்களும்: காலையில் ஒரு பெரிய போசியில் தூளைப் போட்டுக் கொதிக்கவிட்டு, பத்து மணிவரை அதிலிருந்தே மொண்டு ஊற்றுவோம். நேரம் ஆக ஆகத் துவர்ப்பு ஏறும். அதை மூடத்தான் இத்தனை நாள் டின் பால் போயிருக்கிறது. தே நன்றாக இருந்தால் சீனிக்கு அங்கே பாதி வேலை கிடையாது.

அதனால் முதல் வாரம் பாலைத் தொடாதீர்கள். தேயிலையை மட்டும் மாற்றுங்கள். நான்கு கிளாஸுக்கு 600 மில்லி தண்ணீர், 25 கிராம் தூள். தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் அடுப்பை அணைத்துவிட்டுத் தூளைப் போட்டு மூடுங்கள். நான்கு நிமிஷம், மிஞ்சினால் ஐந்து. பிறகு துணிப் பையில் வடித்துவிட வேண்டும். பையைப் பிழியக்கூடாது! கடைசிச் சொட்டுவரை எடுக்க வேண்டும் என்று என் அம்மா முறுக்கிப் பிழிவார். அந்தக் கடைசிச் சொட்டில் இருப்பதெல்லாம் கசப்புதான். ஒரு தடவை போட்ட தே அரை மணி நேரத்துக்குள் தீர வேண்டும். கடையில் இப்போது பெரிய போசிக்குப் பதில் இரண்டு சின்னது வைத்து மாற்றி மாற்றிப் போடுகிறேன். வேலை கூடுதல்தான்.

இரண்டாவது வாரத்திலிருந்து பாலைக் குறைக்கலாம். 48இலிருந்து 40, பத்து நாள் கழித்து 33, அடுத்து 26, கடைசியில் 20. ஒவ்வொரு படியிலும் குறைந்தது பத்து நாளாவது நில்லுங்கள், நாக்கு பழகட்டும். 33க்குக் கீழே இறங்கும்போது நிறம் கறுத்துப்போய், குடிக்கிறவர் பார்த்தவுடனே முகம் சுளிப்பார். அங்கே சீனி சேர்க்காத ஆவிப்பாலை, அதாவது கடையில் 'தே சி' என்று கேட்டால் ஊற்றுகிற எவாப்பரேட்டட் மில்க்கை, இரண்டு மேசைக்கரண்டி விடுங்கள். நிறமும் கொழுப்பும் திரும்ப வந்துவிடும். ஆற்றுவதை விட்டுவிடாதீர்கள். உயரத் தூக்கி ஆறு தடவை ஆற்றினால் எழும் நுரை, பால் அதிகம் இருக்கிற நினைப்பை வாய்க்குக் கொடுக்கும். இஞ்சி ஒரு துண்டு தட்டிப் போட்டால் அதன் காரத்தில் இனிப்பு குறைந்ததே தெரியாது. ஏலக்காய் போடுவார்கள் சிலர். எனக்குப் பாயசம் ஞாபகம் வந்துவிடும்.

இனிப்புநீருக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் சீனியைக் குறைக்கும் விஷயத்தை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். மருந்தின் அளவையும் அவர் பார்க்க வேண்டியிருக்கும்.

வெளியே குடிக்கும்போது 'குராங் மானிஸ்' (இனிப்பு குறைவாக) என்று மட்டும் சொன்னால் போதாது. அது அளவே இல்லை. கலக்குகிறவர் மனசுதான் அளவு. "அண்ணே, பால் ஒரே கரண்டி" என்று எண்ணிச் சொல்லுங்கள். தே ஓ என்றால் பால்தான் இருக்காது, சீனி இருக்கும். இரண்டும் வேண்டாமென்றால் தே ஓ கோசோங். பால் வேண்டும், சீனி வேண்டாம் என்றால் தே சி கோசோங். ஐஸ் போட்டதில் எச்சரிக்கையாக இருங்கள். குளிர்ச்சியில் இனிப்பு நாக்குக்கு உறைக்காது, அதனால் ஐஸுக்கென்றே கூடுதலாகப் போடுவோம். நானும் போட்டவள்தான்.

பெட்டியில் வருவதை நம்பி நான் ஏமாந்தேன். 'தன்பா குலா தம்பாஹான்' என்று பார்த்து இவருக்கு ஒரு பழச்சாறு வாங்கி வந்தேன். சேர்த்த சீனி இல்லை என்றுதான் அதற்கு அர்த்தம். பழத்தின் சீனி அத்தனையும் உள்ளேதான் இருந்தது. குடித்த இரண்டு மணி நேரத்தில் ரத்தச் சீனி மீட்டர் லிட்டருக்கு 13 மில்லிமோல் காட்டியது. மலேசியாவில் இனிப்புப் பானங்களுக்கு 2019 ஜூலையில் லிட்டருக்கு 40 காசு என்று வரி போட்டார்கள். 2024இல் 50 ஆகி, 2025 ஜனவரியில் 90 காசானது. சாதாரணப் பானத்தில் 100 மில்லிக்கு 5 கிராமைத் தாண்டினால் வரி. பழச்சாறுக்கு அந்தக் கோடு 12 கிராம். 11 கிராம் உள்ள சாறு வரியில்லாமல் அலமாரியில் சமர்த்தாக உட்கார்ந்திருக்கும். முன்பக்கத்து எழுத்தை விடுங்கள், பின்பக்கத்து எண்ணைப் பாருங்கள். எங்கள் கிளாஸுக்கு அந்த வரியும் கிடையாது, லேபிளும் கிடையாது.

2023இல் எடுத்த தேசியச் சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. ஆறு பேர் உட்கார்ந்தால் ஒருவர். காலையில் என் நான்கு மேசையும் நிறைந்திருக்கும்போது அந்தக் கணக்கு தானாக மனசில் ஓடுகிறது.

வீட்டுக்காரர் 20 கிராமுக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது. லாரித் தம்பிக்கு 33. அதற்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிறார். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தாத்தா ஒருவர் மட்டும் பழைய கணக்குத்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறார். தே மட்டும் புதிதாகப் போட்டு, பாலை 48 கிராமே ஊற்றிக் கொடுத்தேன். போன வாரம் கிளாஸைத் திருப்பித் தந்து, "என்னம்மா, இப்பல்லாம் ரொம்பத் தித்திக்குதே" என்றார்.