ஓயாத ஏவறைக்கு ஒரு தேங்காய்ச் சிரட்டை

கல்லடியில் எங்கள் வீட்டில் ஏழு மாதமாக அம்மாவின் ஏவறைச் (ஏப்பம்) சத்தம்தான். ஓமத் தண்ணீர், இஞ்சிப் பிளேன்டீ, வாயுக் குளிசை எல்லாம் கொடுத்துப் பார்த்தாயிற்று.

முதலில் எண்ணுங்கள். கலண்டரின் பின்பக்கமும் பென்சிலும் போதும், இதற்குப் போய் ஆப் தேடாதீர்கள். ஒரு நாளைக்கு 30 ஏவறை வரை சாதாரணம். அம்மாவுக்குக் கால் மணி நேரத்திலேயே 22 கோடு. அதைவிட, எப்போது வருகிறது என்று பாருங்கள். தூக்கத்தில் ஒன்றுகூட இல்லை. படலையடியில் மாமியோடு கதைக்கும்போதும் இல்லை. "இப்ப எப்படி?" என்று கேட்டால் உடனே தொடங்கும்.

இப்படித் தூக்கத்திலும் கதையிலும் நின்றுவிடும் வகையில் காற்று இரைப்பைக்குப் போவதே இல்லை. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள தசையான உதரவிதானம் இழுக்க, உணவுக்குழாய்க்குள் புகுந்த காற்று அந்த நொடியே திரும்பிவிடும். தெரியாமல் படிந்த பழக்கம். குளிசைக்கு அங்கே வேலையில்லை. சோடா குடித்தபின் வருவது வேறு, அது வயிற்றுக் காற்று.

எடை குறைவு, விழுங்கச் சிரமம், இரத்த வாந்தி, கறுப்பு மலம், நடந்தால் நெஞ்சு இறுக்கம், இவற்றில் ஒன்று இருந்தாலும் வாசிப்பதை விட்டுவிட்டு வைத்தியரிடம் போங்கள். நாங்களும் ஈசிஜி வரை பார்த்த பிறகுதான் தொடங்கினோம்.

சரி, பயிற்சி. நான் சறுக்கியது இங்கேதான். கதிரையில் இருத்தி "ஆழமா மூச்சை இழுங்கம்மா" என்றேன். அம்மா தோளைத் தூக்கி வாயால் இழுத்தார், ஏவறை இன்னும் கூடியது. "விடு மனே, எனக்கு ஒத்து வராது" என்று எழும்பிவிட்டார்.

மறுநாள் பாயில் மல்லாக்கப் படுக்க வைத்து, தொப்புளுக்கு மேலே ஒரு சிரட்டையைக் கவிழ்த்தேன். மூக்கால் இழுக்கும்போது சிரட்டை எழும்ப வேண்டும், நெஞ்சு அசையக் கூடாது. விடும்போது சுடுதேநீரை ஊதுவதுபோல மெதுவாக. முதல் தடவை அம்மா சிரித்ததில் சிரட்டை உருண்டு கட்டிலடிக்குப் போய்விட்டது. ஐந்து நிமிடம், நாளுக்கு மூன்று தரம்.

ஏவறை முட்டுகிற உணர்வு வந்தால் வாயைச் சற்றுத் திறந்து, நாக்கு நுனியை மேல் முன்பல்லின் பின்னால் வைத்து, அதே வயிற்று மூச்சு. வாய் திறந்திருந்தால் காற்றை உணவுக்குழாய்க்குள் இழுப்பது கஷ்டம். மூன்றாம் கிழமை அதே கால் மணி நேரத்தில் நான்கு கோடுதான்.

பின்சேர்க்கை: கல்முனையிலிருந்து ஒருவர், சாப்பிட்ட கையோடு படுத்துச் செய்து நெஞ்செரிச்சல் வந்ததாக எழுதியிருந்தார். என் பிழை, நேரத்தைச் சொல்லவில்லை. சாப்பிட்டபின் என்றால் படுக்காமல் சாய்மனைக் கதிரையில் செய்யுங்கள். அதில் சிரட்டை நிற்காது, கையை வையுங்கள்.