மழை விட்டதும் கிளம்பலாம் என்பவர்களுக்கு

மூணாறை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து, தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களை மூடியது 2020 ஆகஸ்ட் 6-ஆம் தேதி இரவில். இறந்தவர்களும் கிடைக்காமலே போனவர்களுமாக 70 பேர். பெரும்பாலும் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். மின்சாரமும் இல்லை, தொலைபேசியும் இல்லை. செய்தி வெளியே வரவே மறுநாள் காலையாகிவிட்டது. 2024 ஜூலை 30-இல் வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலை. அதுவும் இருட்டில்தான்.

ஆகவே என் கணக்கில் பெரிய தவறு, இரவாகும் வரை யோசிப்பது. "நாம் பார்க்காத மழையா?" என்று கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொள்கிறோம். வானிலை மையத்தின் சிவப்பு எச்சரிக்கை வரட்டும் என்கிறோம். அது 24 மணி நேரத்தில் 204.4 மில்லிமீட்டருக்கு மேல் மழையை எதிர்பார்த்து மாவட்டத்துக்கே பொதுவாகத் தருவது. நம் லயத்துக்கு மேலுள்ள சரிவு மூன்று நாளாக எவ்வளவு நீர் குடித்திருக்கிறது என்பது அதில் இருக்காது. ஊறிப்போன மண்ணைச் சரிக்க அதைவிடக் குறைந்த மழையே போதலாம். பறித்த தேயிலைக் கொளுந்தை எடை போட்டுவிட்டு வந்த கையோடு, வெளிச்சம் இருக்கும்போதே கிளம்பிவிட வேண்டும். ஒன்றும் நடக்காமல் மறுநாள் திரும்பினால் கேலி செய்வார்கள். செய்யட்டும்.

அடுத்தது ஓடை. கலங்கி ஏறினால் எல்லோருக்கும் பயம் வரும். கொட்டும் மழையில் அது திடீரென்று இளைத்துப்போனால் நிம்மதி வருகிறதே, அதுதான் ஆபத்து. மேலே மண்ணும் மரமும் விழுந்து அடைத்திருக்கலாம். உடைந்தால் பாறையோடு வரும். தரையில் புது விரிசல், இறுகிப்போன கதவு, சாயும் மின்கம்பம், முற்றத்தில் புதிதாகப் பொங்கும் ஊற்று ஆகியவையும் கிளம்பச் சொல்பவைதான். ஓடும்போது ஓடையை ஒட்டிக் கீழே இறங்கக் கூடாது. அதைவிட்டு விலகிப் பக்கவாட்டில் மேட்டுக்குப் போக வேண்டும்.

எங்கள் தோட்டத்தில் ஒரு முறை ஒத்திகை நடந்தது. கூடும் இடம், வேலைக்கு வந்தவர்களின் பெயர் பதியும் மஸ்டர் கொட்டகை என்றார்கள். "ஆடி மாதம் அங்கே தண்ணீர் எந்தப் பக்கமாகப் போகும் என்று பார்த்திருக்கிறீர்களா?" என்று ஒரு பாட்டி கேட்டார். ஒருவரும் பார்த்திருக்கவில்லை. பாலத்தைத் தாண்டினால்தான் பிழைப்போம் என்ற திட்டமும் இதே கதைதான்: சூரல்மலைப் பாலம் அடித்துச் செல்லப்பட்டதும் முண்டக்கை தனித்துப்போனது.

மஸ்டர் புத்தகத்தை வைத்துத் தலை எண்ணுவதையும் விட வேண்டும். அதில் வேலைக்கு வருபவர்கள் மட்டுமே இருக்கிறார்கள். கைக்குழந்தை, படுத்த படுக்கையான மாமனார், தேனியிலிருந்து வந்த விருந்தாளி, இவர்களில் ஒருவரும் அதில் இல்லை. லயத்துக்கு ஒருவர் மழைக்காலம் முழுக்கத் தனிப் பட்டியல் வைத்து, நடக்க முடியாதவரை யார் தூக்குவது என்பதையும் எழுதிவிடலாம். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077 எண் கைப்பேசியில் இருக்கட்டும். டவர் படுத்துவிட்டால் லயத்தை எழுப்ப ஒரு விசிலும் இருக்கட்டும்.

ஆதார், ரேஷன் கார்டு, மாத்திரை எல்லாம் ஜூன் மாதமே ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போயிருக்க வேண்டும். ஆனால் ஆட்கள் திரும்பி ஓடுவது பெரும்பாலும் பைக்காக அல்ல, தொழுவத்தில் கட்டிய மாட்டுக்காக. வயநாட்டில் முதல் சரிவுக்குப் பிறகு, விடிவதற்குள் மலை மீண்டும் சரிந்தது. கிளம்பும்போதே கயிற்றை அவிழ்த்துவிடுங்கள். மாட்டைக் காலையில் தேடிக்கொள்ளலாம்.