நாகேஷ் மாலை: டர்பன் மண்டபத்தில் நடத்தும் முறை

தென்னாப்பிரிக்காவின் டர்பன், சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டோங்காட் பக்கத்துக் கோயில் மண்டபங்களில் பழைய தமிழ்ப் படம் போட்டால் சிரிப்பு இரண்டு தவணையாக வரும். முன்வரிசையில் இருக்கும் ஆயாவும் தாத்தாவும் முதலில் சிரிப்பார்கள். பேரப்பிள்ளைகள் அவர்கள் முகத்தைப் பார்த்து, சப்டைட்டிலைப் படித்து, பிறகு சிரிப்பார்கள். பாதிப் பேர் சிரிக்கவே மாட்டார்கள். 1860 நவம்பர் 16-ல் சென்னையிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்களோடு 'ட்ரூரோ' கப்பல் வந்து சேர்ந்த ஊர் இது. ஐந்தாறு தலைமுறை கடந்துவிட்டது, பெரும்பாலான வீடுகளில் பேச்சு ஆங்கிலம்தான். மண்டபம் முழுக்க ஒரே நொடியில் சிரிக்க வேண்டும் என்பதுதான் இந்த வழிமுறையின் நோக்கம். அதற்கு நாகேஷைவிடப் பொருத்தமான நடிகர் இல்லை. அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே உடம்பு பாதியைச் சொல்லிவிடும்.

முதலில் நாள். நாகேஷ் 1933 செப்டம்பர் 27-ல் தாராபுரத்தில் பிறந்தவர். செப்டம்பர் 24 இங்கே பாரம்பரிய நாள், அரசு விடுமுறை, பிறந்தநாளுக்கும் பக்கம். ஆனால் அது புரட்டாசி. சனிக்கிழமை விரதம் இருக்கும் குடும்பங்கள் இங்கே ஏராளம், மாலையில் வீட்டில் பூஜை இருக்கும். எனவே சனிக்கிழமையைத் தவிர்த்து ஞாயிறு அல்லது அந்த விடுமுறை நாளை எடுத்துக்கொள்ளுங்கள். சிற்றுண்டி சைவமாகவே இருக்கட்டும். கோழி சமூசா வைத்தால் பாதித் தட்டு அப்படியே மீந்துவிடும்.

மொத்த நேரம் 75 நிமிடம் போதும். ஒரு முழுப் படத்தைப் போடாதீர்கள். நாகேஷ் அன்று நடித்த பல படங்களில் அவர் பகுதி நாலில் ஒரு பங்குதான். மீதி நேரத்தில் பிள்ளைகள் போனை எடுத்துவிடுவார்கள். ஏழு காட்சிகள், ஒவ்வொன்றும் 3 முதல் 8 நிமிடம், கூட்டினால் 37 நிமிடம். இடையிடையே பேச்சாளருக்கு மூன்று, நான்கு நிமிடம்.

காட்சிகளைக் கண்டிப்பாக வருட வரிசையில் அடுக்க வேண்டாம். கறுப்பு வெள்ளையில் தொடங்கினால் சின்னப் பிள்ளைகள் முதல் நிமிடத்திலேயே கழன்றுகொள்வார்கள். வண்ணப்படமான 'காதலிக்க நேரமில்லை' (1964) முதலில் வரட்டும்: படம் எடுக்கத் துடிக்கும் செல்லப்பா, அப்பா டி. எஸ். பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்லும் காட்சி. அதற்கு 6 நிமிடம். அடுத்து அதே வருடத்து 'சர்வர் சுந்தரம்', 5 நிமிடம். சிரித்து முடித்த பிள்ளைகள் இப்போது கறுப்பு வெள்ளையையும் ஏற்றுக்கொள்வார்கள். ஹோட்டல் சர்வர் சினிமா நட்சத்திரமாகும் கதை அது. ரயில்வே குமாஸ்தாவாக இருந்துகொண்டே மேடை ஏறி, பிறகு சினிமாவுக்கு வந்தவர் நாகேஷ் என்பதைப் பேச்சாளர் சொல்ல இதுதான் இடம். சினிமாவில் காலூன்றுமுன் கவிஞர் வாலியோடு ஒரே அறையில் தங்கியிருந்ததையும் இங்கேயே சொல்லலாம். முகத்திலிருந்த அம்மைத் தழும்பை மறைக்காமல் சொல்லுங்கள். அந்த முகத்தோடுதான் அவர் கதாநாயகனானார். மண்டபத்தில் உட்கார்ந்திருக்கும் பதின்வயதுப் பிள்ளைக்கு அது முக்கியம்.

மூன்றாவது 'திருவிளையாடல்' (1965) தருமி, 8 நிமிடம். நான்காவது 'தில்லானா மோகனாம்பாள்' (1968) வைத்தி, 4 நிமிடம். தருமியிடம் பசி, வைத்தியிடம் சூது; இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால்தான் ஒரே ஆள் நடையையும் தோள் குனிவையும் எவ்வளவு மாற்றுகிறார் என்று புரியும். ஐந்தாவது கே. பாலசந்தரின் 'எதிர்நீச்சல்' (1968): பல குடித்தனங்கள் உள்ள வீட்டின் மாடிப்படிக்குக் கீழே வாழும் அநாதை மாது, 6 நிமிடம். கடைசி இரண்டும் 1994: 'மகளிர் மட்டும்', 'நம்மவர்'. அவற்றைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

படத்தைப் பெறும்போது இரண்டைக் கவனியுங்கள். வீட்டில் பார்க்க வாங்கிய டிவிடியைப் பொது மண்டபத்தில் போட உரிமை கிடையாது; உரிமையாளரிடம் எழுத்து மூலம் அனுமதி வாங்குங்கள். அதற்குச் சில மாதங்கள் ஒதுக்குங்கள். இரண்டாவது, படத்தின் அகல உயர அளவு. 1960-களின் படங்களில் பெரும்பாலானவை ஏறக்குறைய 4:3 அளவில் எடுக்கப்பட்டவை. அகலத் திரைக்காக இழுத்தால் ஒல்லியான நாகேஷ் பருத்துவிடுவார். மேலும் கீழும் வெட்டி நிரப்பிய பிரதி இன்னும் மோசம்: கால் போய்விடும். நாகேஷின் நகைச்சுவையில் பாதி முழங்காலுக்குக் கீழே நடக்கிறது. இரு பக்கமும் கறுப்புப் பட்டை விழுந்தால் விழட்டும். பிரதி வந்ததும் அவர் நடனமாடும் ஒரு காட்சியை ஓட்டிப் பாருங்கள். பாதம் தெரியவில்லை என்றால் வேறு பிரதி தேடுங்கள்.

இனி சப்டைட்டில். வேலையில் முக்கால் பங்கு இதுதான். இணையத்தில் கிடைப்பதை அப்படியே போடாதீர்கள். 37 நிமிடத்துக்குச் சொந்தமாக எழுதுங்கள். 'சப்டைட்டில் எடிட்' என்ற இலவச மென்பொருள் போதும். திரையில் ஒரு தடவை தோன்றும் எழுத்தை ஓர் அட்டை என்று வைத்துக்கொள்வோம். ஓர் அட்டையில் அதிகபட்சம் இரண்டு வரி, வரிக்கு 42 எழுத்து. வாசிக்கும் வேகம் விநாடிக்கு 17 ஆங்கில எழுத்து. எந்த அட்டையும் ஒரு விநாடிக்குக் குறையவும் ஏழு விநாடிக்கு மேல் நிற்கவும் கூடாது.

சிக்கல் இலக்கணத்தில் இருக்கிறது. தமிழில் வினை கடைசியில் வரும், 'இல்லை' அதற்கும் கடைசியில் வரும். "நாளைக்கே உங்க பணத்தைக் கொண்டாந்து குடுத்துடலாம்னுதான் நினைச்சேன், ஆனா நினைக்கறதோட சரி" என்று ஒருவன் சொன்னால், சிரிப்பு அந்தக் கடைசி இரண்டு சொல்லில் இருக்கிறது. ஆங்கிலத்தில் முழுவதையும் ஒரே அட்டையில் போட்டால், நடிகர் பாதி வாக்கியத்தில் இருக்கும்போதே பேரப்பிள்ளை முடிவைப் படித்துவிடுவான். அவன் முன்னால் சிரிக்க, ஆயா பின்னால் சிரிக்க, இருவருக்கும் நடுவே நாகேஷின் நிறுத்தம் வீணாகும். எனவே வாக்கியத்தை இரண்டாக உடையுங்கள். முதல் அட்டை, இழுத்துக்கொண்டு போகும் பகுதி. இரண்டாவது அட்டை, குப்புறக் கவிழ்க்கும் சொல். அது அவர் வாயிலிருந்து வரும் அதே நொடியில் தோன்ற வேண்டும். ஆங்கிலம் கொஞ்சம் கரடுமுரடாக ஆனாலும் வரிசையைக் காப்பாற்றுங்கள்.

தருமியும் சிவனும் மாறி மாறிக் கேள்வி பதில் சொல்லும் இடத்தில் இது இன்னும் கடினம். கேள்வியையும் பதிலையும் ஒரே அட்டையில் இரண்டு வரியாகப் போடுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. தனித்தனியாகப் போடுங்கள். ஒன்றரை விநாடி கிடைத்தால் 25 எழுத்துதான் கொள்ளும், அதாவது நான்கு ஆங்கிலச் சொல். அதற்குள் சுருக்க முடியாவிட்டால் பொருளை விட்டுத் தாளத்தைப் பிடியுங்கள்.

பேய்க்கதைக் காட்சிக்கு நேர் எதிரான விதி. நாகேஷ் வாயாலேயே எழுப்பும் சத்தங்களை எழுத வேண்டாம், ஒரு வரிக்கு மேல் போட வேண்டாம். அங்கே பார்க்க வேண்டியது பாலையாவின் முகம். கண் கீழே எழுத்துக்கு இறங்கினால் அந்த முகம் போச்சு. 'சர்வர் சுந்தர'த்தில் கோப்பைகளை அடுக்கித் தூக்கிவரும் இடத்தில் ஓர் எழுத்துகூட வேண்டாம். ஆனால் காட்சியைப் பத்து விநாடி முன்னதாகவே தொடங்குங்கள். அடுக்கு உயரும்போது மண்டபமும் மூச்சைப் பிடிக்க வேண்டும்.

சிலேடை வந்தால் விளக்கம் எழுதாதீர்கள். 'மாடிப்படி மாது' போன்ற பெயரில் இருக்கும் ஓசையைப் பேச்சாளர் முன்கூட்டியே சொல்லிவிடட்டும். அடைப்புக்குறிக்குள் விளக்கம் படித்து யாரும் சிரித்ததில்லை.

எழுதி முடித்த கோப்பு வேறு பிரதியோடு ஓடும்போது நழுவினால் காரணம் பெரும்பாலும் ஃபிரேம் வேகம். சினிமா விநாடிக்கு 24 ஃபிரேம். நம் ஊர் டிவிடி முறையில் 25. நிமிடத்துக்கு 2.4 விநாடி பிசகும், பத்து நிமிடத்தில் 24 விநாடி. 24-க்கு எழுதியதை 25-க்கு மாற்ற, எல்லா நேரக் குறிகளையும் 0.96-ஆல் பெருக்கினால் சரியாகும். மென்பொருளிலேயே அதற்கு வழி உண்டு. தொடக்கம் முதல் கடைசிவரை ஒரே அளவு பிசகினால் அது வேறு நோய். படம் ஓட்டும் விஎல்சி மென்பொருளில் ஜி, எச் விசைகளால் 50 மில்லிவிநாடி வீதம் நகர்த்தலாம். தமிழ் தெரிந்த ஒருவரையும் தெரியாத ஒரு பிள்ளையையும் சேர்த்து உட்காரவைத்து ஒத்திகை பாருங்கள். இருவரும் வெவ்வேறு நொடியில் சிரிக்கும் அட்டையைக் குறித்துத் திருத்துங்கள்.

மண்டப ஏற்பாடு அதிகமில்லை. பழைய ஒலித்தடம் மோனோ. ஒலிபெருக்கியை மேடைக்கு இரு பக்கமும் காது உயரத்தில் வைத்து, 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே குறைத்தால் பேச்சு தெளியும். சிமென்ட் தரையில் எதிரொலி அதிகம், ஜமுக்காளம் விரியுங்கள். இந்தியாவில் வாங்கிய புரொஜெக்டரின் சிறிய மூன்று முள் இங்குள்ள பெரிய உருண்டைத் துளைக்குள் நிற்காது, அடாப்டர் எடுத்து வையுங்கள். லோட் ஷெட்டிங், அதாவது முறைவைத்த மின்வெட்டு, நினைவிருக்கும்தானே: புரொஜெக்டர் 300 வாட், மடிக்கணினி 60, ஒலிபெருக்கி 100 என்றால் 75 நிமிடத்துக்கு 575 வாட்-மணி. இன்வெர்ட்டர் இழப்போடு 650. 12 வோல்ட் 100 ஆம்பியர்-மணி ஈய பேட்டரியில் பாதியைத்தான் எடுக்கலாம், 600 மட்டுமே. இரண்டு பேட்டரி வேண்டும்.

கடைசி இரண்டு காட்சிகள். 'மகளிர் மட்டும்' படத்தில் நாகேஷுக்குப் பிணம் வேடம். வசனமே இல்லை, சப்டைட்டிலும் வேண்டாம். 3 நிமிடம், ஆறு வயதுப் பிள்ளையும் ஆயாவும் ஒரே நொடியில் சிரிப்பது இங்கே தானாக நடக்கும். பிறகு இடைவெளியே விடாமல் 'நம்மவர்', 5 நிமிடம். மகளை இழந்த பேராசிரியராக நடித்து, சிறந்த துணை நடிகருக்கான தேசிய விருது பெற்றார். இரண்டும் ஒரே வருடத்துப் படங்கள் என்பதைப் பேச்சாளர் முன்னால் சொல்லக் கூடாது, பின்னால் சொல்லட்டும். சின்னப் பிள்ளைகளின் பெற்றோரிடம் மட்டும் வாசலிலேயே சொல்லிவையுங்கள், கடைசிக் காட்சி துக்கமானது என்று. காட்சி முடிந்ததும் விளக்கைப் போடாதீர்கள். முப்பது விநாடி இருட்டு இருக்கட்டும். பிறகு திரையில் அவர் மறைந்த 2009 ஜனவரி 31 என்ற தேதி மட்டும்; அதன் பின் சுவர் ஓரத்து விளக்குகள் முதலில், டியூப் லைட் கடைசியில்.