மட்டக்களப்பு, அம்பாறையிலிருந்து பிள்ளைகளோடு மிருகக்காட்சிச்சாலைக்கு: போகுமுன் தெரிந்திருக்க வேண்டியவை

கிழக்கு மாகாணத்தில் மிருகக்காட்சிச்சாலை இல்லை. கொழும்புப் பக்கத்துத் தெகிவளையோ, கேகாலை மாவட்டத்துப் பின்னவலையோ, அம்பாந்தோட்டை ரிதியகமவோ, எங்கே போவதென்றாலும் பயணமே ஒரு பெரிய வேலை. ராத்திரி முழுக்க பஸ்ஸில் குலுங்கி வந்த நாலு வயதுப் பிள்ளையைக் காலையில் சிங்கக் கூட்டின் முன்னால் நிறுத்தினால் அது சிங்கத்தைப் பார்க்காது, தூக்கச் சொல்லி அழும். அதனால் எந்த மிருகத்தைப் பார்ப்பது என்பதற்கு முன்பே பிள்ளை எங்கே, எத்தனை மணிக்கு நித்திரை கொள்ளும் என்பதைத் தீர்மானியுங்கள்.

எந்த வயதுக்கு எந்த இடம்

மூன்று வயதுக்குக் கீழே என்றால் தூரப் பயணமே வேண்டாம். அந்த வயதில் புலியும் ஒன்றுதான், பக்கத்து வீட்டுப் பூனையும் ஒன்றுதான். அம்பாறை நகரத்தில் கொண்டவட்டுவான் குளத்தோரம் ஜப்பான் சமாதான விகாரைப் பக்கம் பின்னேரம் போனால் யானை வந்துபோவதைப் பார்க்கக் கிடைக்கலாம். தூரத்திலிருந்து பார்த்துவிட்டு வெளிச்சம் இருக்கும்போதே திரும்பிவிடுங்கள். வெய்யிலையும் கூட்டத்தையும் காத்திருப்பதையும் உங்கள் பிள்ளை எவ்வளவு தாங்கும் என்பது அந்த ஒரு பின்னேரத்திலேயே தெரிந்துவிடும்.

மூன்று முதல் ஏழு வயது வரை தெகிவளை பொருந்தும். கூடுகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன, மர நிழல் உண்டு, மலசலகூடம் தேடி அலைய வேண்டியதில்லை. ஆனால் ஏற்ற இறக்கமும் படிகளும் உள்ள இடம். தள்ளுவண்டி இழுபடும், முழங்கால் நோவுள்ள அம்மம்மாவுக்கும் சிரமம். பின்னவலையில் யானைகள் சரணாலயம் 1975 இல் தொடங்கியது. அதற்குப் பக்கத்தில் 2015 இல் ஒரு மிருகக்காட்சிச்சாலையும் திறந்தார்கள். இரண்டும் வேறு வேறு இடங்கள், ரிக்கற்றும் வேறு. வாசலில் நின்று "அது இதுக்குள்ளதான் இருக்கு" என்று வாதாடுவதில் பலனில்லை.

அம்பாறைக்காரருக்கு இன்னொரு வழியும் உண்டு. அம்பாந்தோட்டை மாவட்டத்தில் 2016 இல் திறந்த ரிதியகம சஃபாரி பூங்காவில் மிருகங்கள் வெளியில் திரியும், நீங்கள்தான் பஸ்ஸுக்குள் அடைபட்டு இருப்பீர்கள். சியம்பலாண்டுவ, மொனராகலை, வெல்லவாய, தணமல்வில வழியாக நாலரை, ஐந்து மணித்தியாலம் பிடிக்கும். நடக்க அலுப்புப்படும் பிள்ளைக்கும் வயதானவர்களுக்கும் இதுதான் நல்லது. பஸ்ஸில் இருந்து நடுவில் இறங்க முடியாது. ஏறுமுன் எல்லாரையும் மலசலகூடத்துக்கு அனுப்பிவிடுங்கள், "எனக்கு வரல்ல" என்று சொல்கிற பிள்ளையை முதலில்.

இங்கினியாகலையிலிருந்து சேனநாயக்க சமுத்திரக் குளத்தில் படகில் போய் கல்லோயா தேசியப் பூங்காவின் யானைகளைப் பார்ப்பது எட்டு வயதுக்கு மேல்தான் சரிவரும். மார்ச் முதல் ஜூலை வரை நல்ல காலம். படகுக்குள் நிழல் குறைவு, மலசலகூடம் கிடையாது. பிள்ளையின் அளவுக்கு உயிர்காப்பு அங்கி இருக்கிறதா என்று முதல்நாளே போனில் கேளுங்கள். பெரியவர்களின் அங்கியைச் சின்னப்பிள்ளைக்கு மாட்டினால் தண்ணீருக்குள் அங்கி மேலே போகும், பிள்ளை கீழே நழுவும்.

எந்த மாதம், எந்த நாள்

எங்களுக்கு மழை நொவம்பரிலிருந்து ஜனவரி வரை. அதே டிசம்பர் விடுமுறையில்தான் எல்லாரும் பயணம் போடுகிறார்கள். வெள்ளம் வந்தால் வெலிக்கந்தைப் பக்கம் தண்டவாளமும் றோட்டும் மறிபடும், பதிவுசெய்த அறைக்காசும் போகும். ஏப்ரலில் புத்தாண்டு முடிந்த கிழமை தெகிவளையில் தோளோடு தோள் உரசுகிற கூட்டம். போதாததற்குக் கொழும்பில் பின்னேர இடிமழை. போயா தினமும் ஞாயிறும் அப்படித்தான். ஓகஸ்ட் விடுமுறையில் ஒரு செவ்வாய் அல்லது புதன் கிடைத்தால் அதைப் பிடியுங்கள். கொழும்பில் தூறல் இருக்கலாம், அதற்கு ஒரு குடை போதும்.

போகிற வழி

மட்டக்களப்பிலிருந்து என்றால் பகல் ரயிலைச் சொல்வோம். காலையில் எடுக்கிற உதயதேவி பிற்பகலில் கொழும்புக் கோட்டைக்குப் போய்ச்சேரும். பகலை வீணாக்குவதாகத் தோன்றும், ஆனால் மனம்பிட்டிப் பாலமும் மின்னேரியாக் காடும் பிள்ளைக்கு ஒரு காட்சிதான். ஜன்னலோரத்தில் இருத்தி யானை தேடச் சொல்லுங்கள், இரண்டு மணித்தியாலம் சத்தமில்லாமல் போகும். அன்றிரவு வெள்ளவத்தையில் தங்கி அடுத்த நாள் காலை தெகிவளை. வெள்ளவத்தையில் சைவக்கடை உண்டு, ஹலால் கடை உண்டு, தமிழில் பேசி அறை எடுக்கலாம். அங்கிருந்து மிருகக்காட்சிச்சாலைக்கு ஓட்டோ பிடித்தால் கிட்டடிதான், மீற்றரைப் போடச் சொல்லி ஏறுங்கள். ரயில் ஆசனத்தை முன்கூட்டியே பதிவுசெய்யுங்கள். பதியாத பெட்டியில் இரண்டு பிள்ளைகளும் ஐந்து பையும் என்றால், காட்சிச்சாலைக்குப் போகுமுன்னமே நீங்கள் களைத்துவிடுவீர்கள்.

பின்னவலைக்கு அதே ரயிலில் பொல்கஹவெலயில் இறங்கி, கண்டிப் பாதை ரயிலுக்கு மாறி ரம்புக்கனையில் இறங்க வேண்டும். பிறகு ஓட்டோ.

வானில் போகிற கல்முனை, அம்பாறைக் குடும்பங்கள் மகியங்கனை ஊடாகக் கண்டிக்கு ஏறுவது வழக்கம். கிட்டம்தான், ஆனால் நடுவில் பதினெட்டு வளைவு என்று பேர்போன மலைப்பாதை இருக்கிறது. பின்கதிரையில் போனில் கார்ட்டூன் பார்த்துக்கொண்டு வந்த பிள்ளை ஐந்தாவது வளைவில் வாந்தியெடுக்கும். கண் அசையாத திரையைப் பார்க்கிறது, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு உடம்பு ஆடுகிறது என்கிறது. மூளை குழம்புவதால்தான் குமட்டல். மகியங்கனையில் அரை மணி நேரம் இறங்கி நடக்கவிடுங்கள். மலை ஏறுமுன் பாலும் எண்ணெய்ப் பலகாரமும் கொடுக்காதீர்கள், ஒரு துண்டு பாண் அல்லது கிறாக்கர் போதும். பிள்ளையை முன்னால், றோட்டு தெரிகிற இடத்தில் இருத்துங்கள். போனை வாங்கி வைத்துவிடுங்கள். வாந்திப் பை கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும், வானின் பின்பக்கம் மூட்டைக்குள் இருந்து பயனில்லை. வளைவே வேண்டாம் என்றால் பொலன்னறுவை, ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் பாதை. நேரம் கொஞ்சம் கூடினாலும் உடுப்பு மாற்ற வேண்டியிராது.

சாப்பாடும் தண்ணீரும்

விடிய நாலு மணிக்குக் கட்டுகிற சாப்பாடு மத்தியானம் ஒரு மணி வரை தாங்க வேண்டும். தேங்காய்ச் சம்பல், சொதி, பால்கறி எதுவும் தாங்காது. வானின் சூட்டுக்குள் நாலைந்து மணித்தியாலத்தில் புளித்துவிடும், முதலில் வயிற்றால் போவது சின்னதுக்குத்தான். ரொட்டியும் கட்டைச் சம்பலும், பாணும் சீனிச்சம்பலும் நம்பலாம். சீனிச்சம்பலைத் தேங்காய் சேராமல் நன்றாக வதக்கி, ஆறவிட்டுப் பிறகு டப்பாவில் போடுங்கள். சூட்டோடு மூடினால் ஆவி தண்ணீராகி அதுவே பழுதாக்கும். புட்டு கொண்டுபோகாமல் மனம் கேட்காது என்றால் காலைச் சாப்பாட்டோடு முடித்துவிடுங்கள்.

இரண்டு பெரியவர், இரண்டு பிள்ளை என்றால் வாசலுக்குள் போகும்போது மூன்று லீற்றர் தண்ணீர் கையில் இருக்க வேண்டும். ஒன்றரை லீற்றர் போத்தல் இரண்டு, இரண்டு பேர் தூக்க. வயிற்றுப்போக்குக்குக் கரைத்துக் கொடுக்கிற ஜீவனித் தூள் இரண்டு பக்கற் வையுங்கள். ஒரு முழுப் பக்கற்றை ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் கரைக்க வேண்டும். ஒரு தம்ளருக்கு மட்டமாகக் கொஞ்சம் தட்டிப்போடுவது ஆகாது. உப்பு கூடினால் வயிற்றுப்போக்கு இருக்கிற பிள்ளைக்கு அதுவே கேடு. கரைத்தது 24 மணித்தியாலத்துக்கு மேல் இருந்தால் ஊற்றிவிடுங்கள்.

வாசலில்

தெகிவளை காலை 8.30 க்குத் திறக்கும், அந்த நேரத்துக்கே வாசலில் நில்லுங்கள். புலியும் சிங்கமும் காலைக் குளிரில்தான் எழும்பி நடக்கும், 11 மணிக்கு மேல் நிழலில் படுத்துவிடும். சிங்கம் ஒரு நாளில் இருபது மணித்தியாலம் வரை படுத்துக் கிடக்கும் மிருகம். மத்தியானம் போய்விட்டு "சிங்கம் செத்துக் கிடக்கு" என்று பிள்ளை சொன்னால் அது சிங்கத்தின் பிழையில்லை.

கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ வந்த சொந்தங்களோடு போகிறீர்களா? வெளிநாட்டவர் கட்டணம் பல மடங்கு. இரட்டைப் பிரஜாவுரிமை உள்ளவர் அதற்கான ஆவணத்தையோ தேசிய அடையாள அட்டையையோ கையில் கொண்டுவரட்டும். தமிழ் பேசுவதை வைத்து உள்ளூர் ரிக்கற் தரமாட்டார்கள்.

உள்ளே போனதும் முதல் வேலை, பிள்ளையை அன்றைய உடுப்போடு ஒரு படம் எடுப்பது. காணாமற் போனால் "நீலச் சட்டையா, பச்சைச் சட்டையா" என்ற குழப்பம் இராது. பேனையால் கையின் உட்பக்கம் போன் இலக்கத்தை எழுதுங்கள். வியர்வையில் அழியும் என்பதால் சட்டைப்பைக்குள்ளும் ஒரு துண்டு, தமிழிலும் சிங்களத்திலும். எங்கள் பிள்ளைகளில் பலருக்குச் சிங்களம் வராது, அங்குள்ள காவலாளிக்குத் தமிழ் வராமல் இருக்கலாம். "அம்மா பேன்னே நே" என்று சிங்களத்தில், அம்மாவைக் காணவில்லை என்று சொல்ல, ரயிலிலேயே பழக்கிவிடுங்கள். காணாவிட்டால் ஓடித் தேடாமல் நின்ற இடத்திலேயே நிற்கவும் சொல்லிக்கொடுங்கள். தாயும் பிள்ளையும் இருவரும் நடந்தால் சந்திப்பது கடினம்.

உள்ளே எப்படிப் பார்ப்பது

எல்லாவற்றையும் பார்த்து முடிக்க நினைக்கிற அப்பாமார்தான் இந்தப் பயணத்தைக் கெடுப்பவர்கள். காசு கொடுத்தாயிற்று, ஒரு கூடு விடக்கூடாது என்று இழுத்துக்கொண்டு ஓடுவார்கள். முதல்நாள் இரவு பிள்ளையிடமே கேளுங்கள், மூன்று மிருகம் சொல்லட்டும். அந்த மூன்றுக்கும் இருபது இருபது நிமிடம். மற்றதெல்லாம் போகிற வழியில் பார்ப்பதுதான்.

இருபது நிமிடம் ஒரு கூட்டின் முன் என்ன செய்வது? சிம்பன்சியிடம் நில்லுங்கள். எது எதற்குப் பேன் பார்க்கிறது, சாப்பாடு வந்ததும் யார் முதலில் எடுக்கிறது, யார் முதுகைக் காட்டிக்கொண்டு இருக்கிறது என்று பிள்ளையைக் கேட்டால் அதற்குள் ஒரு குடும்பக் கதை தெரியும். யானையிடம் என்றால் தும்பிக்கை நுனியைப் பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் யானைக்கு நுனியில் ஒரு விரல் மாதிரித்தான், ஆபிரிக்க யானைக்கு இரண்டு. புல்லைச் சுருட்டி, முன்காலில் தட்டி மண்ணை உதறிவிட்டுத்தான் வாய்க்குள் வைக்கும். பிள்ளை வீட்டுக்கு வந்து செய்து காட்டுவது இதைத்தான்.

இரவு விலங்குகளின் இருட்டுக் கூடத்தில் எல்லாரும் விடுகிற பிழை, வெய்யிலில் இருந்து நுழைந்து, ஒன்றும் தெரியவில்லை என்று அரை நிமிடத்தில் வெளியே வருவது. கண் இருட்டுக்குப் பழக ஐந்து நிமிடமாவது வேண்டும். போன் வெளிச்சத்தைப் போடாமல், பேசாமல், சுவரோரம் நில்லுங்கள். முதலில் கிளை தெரியும், பிறகு அதில் ஏதோ அசைவது தெரியும். பாம்புக் கண்ணாடியைத் தட்ட விடாதீர்கள். பாம்பு அதிர்வை உடம்பால் உணரும், நாள் முழுக்கத் தட்டினால் தீன் எடுக்காமலும் விடலாம்.

தீனி போடுவது கண்டிப்பாக வேண்டாம். மானுக்கு வாழைப்பழம் கொடுப்பவர் பையோடு எறிவார். பொலித்தீன் குடலில் அடைத்தால் வெளியே வராது. அம்பாறைப் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் பிளாஸ்டிக் தின்று யானைகள் செத்ததை 2022 இல் உலகச் செய்திகள் எல்லாம் சொன்னது எங்கள் ஊர்க் கதைதான். பிள்ளைக்குக் காரணத்தை இதைச் சொல்லியே விளங்கப்படுத்தலாம்.

பின்னவலையில் யானைகள் மகா ஓயா ஆற்றில் குளிப்பது காலை 10 மணியளவிலும் பிற்பகல் 2 மணியளவிலும். 9 மணிக்கெல்லாம் அங்கே நின்றால்தான் முன்வரிசை. மந்தை தெருவைக் கடந்து ஆற்றுக்கு இறங்கும்போது பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு கடையோரம் ஒதுங்குங்கள்.

மத்தியானம் 12 மணியோடு நிறுத்திவிடுங்கள். சாப்பாட்டுக்கு முன் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும், கம்பியைத் தொட்டவர் எல்லாருமே. சாப்பிட்டதும் பிள்ளை சோர்ந்தால் அறைக்குத் திரும்பி நித்திரை. பின்னேரம் தெகிவளைக் கடற்கரை இருக்கிறது, ரிக்கற் இல்லை. பிள்ளை மூன்று மிருகத்தையும் பார்த்திருந்தால் அன்றைக்கு அது போதும்.

திரும்பும்போது

அன்றிரவே பஸ் ஏற வேண்டாம், அடுத்த நாள் பகலில் வாருங்கள். சொந்த வானில் வருபவர்கள் ஹபரணையை மூன்று மணிக்கு முன் தாண்டப் பாருங்கள். மின்னேரியா, வெலிக்கந்தைப் பக்கம் பொழுது சாயும் நேரம் யானை றோட்டுக்கு வரும். வந்தால் ஹோர்ன் அடிக்காமல், படம் எடுக்க இறங்காமல், தூரத்திலேயே நிறுத்தி அது கடக்கும் வரை இருங்கள். முன்னால் போகிற லொறி நகர்ந்த பிறகு நீங்களும் நகரலாம். பிஸ்கட் எறிகிற வழக்கம் மட்டும் வேண்டாம். எறிந்து பழக்கினால் அடுத்த தடவை வருகிற வானை மறிக்கும், அதிலும் பிள்ளைகள்தான் இருப்பார்கள்.