நிலாவெளிக்கு நிலா இல்லாத இரவில் வாருங்கள்

என் கலியாணத்தன்று ஐயர் வடக்கே கையைக் காட்டி, "அருந்ததி தெரியுதா பிள்ளை?" என்று கேட்டார். பட்டப்பகல் பதினொரு மணி. எல்லா மணப்பெண்ணும் சொல்வதுபோல நானும் "தெரியுது" என்றேன். அதற்குப் பத்தொன்பது வருடம் கழித்து, ஒரு மே மாத இரவில், திருகோணமலைக்குக் கிட்ட இருக்கும் நிலாவெளிக் கடற்கரை மணலில் நின்று அருந்ததியை உண்மையாகவே பார்த்தேன். சப்தரிஷி மண்டலத்தின் கரண்டிப் பிடியில் நடு வெள்ளி வசிட்டர். அதோடு ஒட்டினாற்போல ஊசி குத்திய புள்ளியாக அருந்ததி. வானம் பார்க்கும் கூட்டத்தோடு நான் போன முதல் இரவு அதுதான். அதற்குப் பிறகு, மழை மாதங்கள் தவிர, ஒரு அமாவாசையும் விட்டதில்லை.

நான் உப்புவெளியில் தையல்கடை வைத்திருக்கிறேன். துணி தைக்க வருகிறவர்கள் இதைப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். "அக்கா, நாங்களும் வரலாமா? விஞ்ஞானம் படிச்சிருக்க வேணுமா? தொலைநோக்கி வாங்க வேணுமா?" வரலாம். படித்திருக்கத் தேவையில்லை. தொலைநோக்கி மட்டும் தயவுசெய்து இப்போது வாங்க வேண்டாம்.

அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் வீட்டிலேயே அந்தப் பிழை நடந்தது. மகன் ஆசைப்பட்டான் என்று ஒரு கடையில் தொலைநோக்கி வாங்கிக் கொடுத்தோம். பெட்டியில் '675 மடங்கு பெரிதாக்கும்' என்று அடித்திருந்தது. முன்னால் இருக்கும் வில்லையோ 60 மில்லிமீற்றர். ஒரு மில்லிமீற்றருக்கு இரண்டு மடங்கு என்று கணக்குப் போடுங்கள். 60 மில்லிமீற்றருக்கு 120 மடங்குதான் எல்லை. அதற்கு மேலே போனால் படம் பெரிதாகும், ஆனால் மங்கிக் கலங்கிவிடும். முக்காலியும் மெல்லிய தகரம். கை பட்டாலே வியாழன் ஓடி மறைந்துவிடும். பிள்ளை மூன்றாம் நாள் அதைத் தொடவில்லை. அந்தக் காசுக்கு 10×50 இருகண் தொலைநோக்கி ஒன்று வாங்கியிருக்கலாம். 10 என்பது பெரிதாக்கும் அளவு, 50 என்பது வில்லையின் குறுக்களவு மில்லிமீற்றரில். வாங்கத்தான் வேண்டுமென்றால் அதை வாங்குங்கள். கையை ஆடாமல் எங்கேயாவது ஊன்றிக்கொண்டால் வியாழனின் நான்கு நிலவுகள் தெரியும். கரைவலைக்காரர் ஆறாமீன் என்று சொல்லும் கார்த்திகைக் கூட்டம் கண்ணை நிறைக்கும். ஆனால் முதலில் நாலைந்து இரவு எங்களோடு வந்து, மற்றவர்களுடைய கருவிகளில் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

சரி, எப்போது வருவது? எங்கள் ஊரில் போயா தினம் லீவு என்பதால் ஆட்கள் அன்றைக்கு வசதி என்று நினைக்கிறார்கள். போயா என்றால் பூரணை. அந்த நிலா வெளிச்சத்தில் மங்கலான வெள்ளிகள் எல்லாம் கரைந்து போய்விடும். நாங்கள் கூடுவது அமாவாசைக்குக் கிட்டிய சனிக்கிழமை. கலண்டரில் அமாவாசையைப் பார்த்து, அதற்கு முன்னும் பின்னும் வரும் சனிக்கிழமைகளில் எது கிட்டவோ அதைக் குறித்து வையுங்கள். மாதங்களில் பெப்ரவரி தொடங்கி செப்டெம்பர் வரை நல்லது. ஒக்டோபர் முதல் ஜனவரி வரை வாடைக்காற்றும் மழையும். டிசம்பர் நடுவில் வரும் ஜெமினிட் எரிகல் பொழிவு எங்களுக்குப் பெரும்பாலும் முகிலுக்குப் பின்னால் போய்விடுகிறது. அதற்குப் பதிலாக மே 5, 6 அளவில் விடியற்காலை மூன்று மணிக்கு எழும்பிக் கடலைப் பார்த்து இருங்கள். ஹேலி வால்வெள்ளி விட்டுப்போன தூசு, ஈற்றா அக்குவாரிட் எரிகற்களாக கிழக்கிலிருந்து கீறிக்கொண்டு போகும். தெற்கே இருக்கும் நாடுகளுக்கு நல்லாகத் தெரிகிற பொழிவு அது. எங்களுக்கும் அது ஒரு கொடுப்பினை.

கூட்டத்தைத் தேடிப் பிடிப்பது பெரிய வேலை இல்லை. பிள்ளைகளின் பள்ளிக்கூட விஞ்ஞான ரீச்சரிடமோ சேரிடமோ கேளுங்கள். பல பள்ளிக்கூடங்களில் வானியல் கழகம் இருக்கிறது, அதை நடத்துகிறவர்களுக்கு வெளியே பார்க்கிறவர்களையும் தெரிந்திருக்கும். போனில் கதைக்கும்போது மூன்று விஷயம் கேளுங்கள்: எந்த இடம், யார் யார் வருகிறார்கள், திரும்ப எத்தனை மணி, எதில். பெண்கள் இந்த மூன்றாவதைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். நான் முதல் தடவை கணவரையும் மகளையும் கூட்டிக்கொண்டுதான் போனேன். இப்போது நாங்கள் ஐந்தாறு பெண்கள் ஒரே வான் வண்டியில் போய் அதே வண்டியில் வருகிறோம். சந்தா என்று பெரிதாக ஒன்றும் இல்லை. டீசலுக்கும் பிளேன்டீக்கும் பங்கு.

கடற்கரைக்கு வெளிச்சம் இருக்கும்போதே வந்துவிடுங்கள். இரவில் வந்து வாகனத்தின் முன்விளக்கை எங்கள் பக்கம் அடித்தால், எல்லாருடைய கண்ணும் மறுபடி இருட்டுக்குப் பழக இருபது, முப்பது நிமிடம் ஆகும். மீன்வாடிக்காரர் வலைக்கயிறு போட்டிருக்கும் இடத்தில் பாய் விரிக்கக் கூடாது. "அண்ணா, இந்தப் பக்கம் இருக்கலாமா?" என்று ஒரு வார்த்தை கேட்டால் அவர்களே நல்ல இடம் காட்டுவார்கள். கடற்படை இருக்கிற ஊர் என்பதால், ஆட்கள் கூடப்போகும் இரவை முன்கூட்டியே கிராம சேவகருக்கும் பொலிசுக்கும் எங்கள் பொறுப்பாளர் அறிவித்துவிடுவார். நீங்கள் அடையாள அட்டையை மட்டும் மறக்காமல் கொண்டுவாருங்கள். பச்சை லேசர் கொண்டுவர வேண்டாம். சீனன்குடாவில் விமானத்தளம் இருக்கிறது, விமானியின் கண்ணில் பட்டால் உயிர்ப் பிரச்சினை.

ரோச் லைற்றுக்கு சிவப்புத் துணி கட்டுங்கள். ஒரு மடிப்புப் போதாது, மூன்று மடிப்பு. சிவப்பு வெளிச்சம் இருட்டுப் பழகிய கண்ணை அவ்வளவாகக் கெடுக்காது. போனைப் பைக்குள் வையுங்கள். பாய், நீளக்கை சட்டை, தண்ணீர், நுளம்புக்குப் பூச ஏதாவது. ஜூன், ஜூலையில் கச்சான் காற்று அடிக்கும்போது தலைக்கு ஒரு துணியும் வேண்டும், மண் பறக்கும்.

முதல் இரவில் என்ன செய்வது? நான் புதிதாக வருகிறவர்களைத் தொலைநோக்கிக்குப் பக்கத்தில் விடுவதில்லை. முதலில் கையால் வானத்தை அளக்கச் சொல்லிக் கொடுப்பேன். அளவு எடுப்பதுதானே என் தொழில். கையை நேராக நீட்டி ஒரு கண்ணை மூடுங்கள். சின்ன விரலின் அகலம் ஒரு பாகை. மூடிய முட்டி பத்துப் பாகை. சாண் விரித்தால் இருபது பாகைக்குக் கொஞ்சம் மேலே. சின்னப் பிள்ளைக்குக் கை சின்னது, ஆனால் கையின் நீளமும் குறைவு, அதனால் கணக்கு ஒத்துவரும். இந்த அளவு வந்துவிட்டால் "அந்தா, அங்கே" என்று ஒருவருக்கொருவர் கை காட்டி ஏமாற வேண்டியதில்லை. "தென்னை நுனியிலிருந்து இரண்டு முட்டி மேலே" என்று சொல்லலாம், எல்லாரும் ஒரே வெள்ளியைப் பார்ப்பார்கள்.

அந்த அளவோடு மே நடுவில் இரவு ஒன்பது மணிக்கு வடக்கே திரும்புங்கள். கவிழ்த்த கரண்டியாக சப்தரிஷி மண்டலம் நிற்கும். கரண்டியின் அகப்பையில் பிடிக்கு எதிர்ப்பக்க ஓரத்து இரண்டு வெள்ளியையும் இணைத்து, அந்த இடைவெளியைப்போல ஐந்து மடங்கு கீழே இறங்கினால், குச்சவெளிப் பக்கம் அடிவானத்துக்கு ஒரு முட்டிகூட இல்லாத உயரத்தில் துருவ வெள்ளி. மங்கலாகத்தான் இருக்கும், பொறுமையாகத் தேடுங்கள். திருகோணமலை பூமத்திய ரேகைக்கு வடக்கே எட்டரைப் பாகை. துருவ வெள்ளியும் கிட்டத்தட்ட அதே எட்டரைப் பாகை உயரத்தில் நிற்கும். ஊர் எங்கே இருக்கிறது என்பதை முட்டியால் அளந்துவிட்டீர்கள். இப்போது அப்படியே திரும்பித் தெற்கே பாருங்கள். நகரத்து வெளிச்சத்துக்கு மேலே, இரண்டு முட்டி உயரத்தில், தென்சிலுவை நிமிர்ந்து நிற்கும். அதற்கு இடது பக்கம் இரண்டு பிரகாசமான வெள்ளிகள். அவற்றில் சிலுவைக்குத் தூரமாக இருப்பது அல்பா சென்ரோறி, சூரியனை விட்டால் எங்களுக்கு மிகக் கிட்டிய வெள்ளிக் குடும்பம். அதன் ஒளி வந்துசேர நாலு வருடத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும். இலண்டனில் இருக்கும் என் தங்கச்சிக்குச் சிலுவை ஒருநாளும் தெரியாது. அவுஸ்திரேலியாவில் இருக்கும் அண்ணாவுக்குத் துருவ வெள்ளி தெரியாது. எங்களுக்கு ஒரே இரவில், கழுத்தைத் திருப்பினால் இரண்டும்.

அப்புறம் தொலைநோக்கி வரிசை. குழாயைப் பிடிக்காதீர்கள், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனியுங்கள். கண்ணைக் கண்வில்லைக்குக் கிட்டக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒன்றும் தெரியவில்லையென்றால் "தெரியவில்லை" என்றே சொல்லுங்கள். பின்னால் ஆட்கள் நிற்கிறார்கள் என்று தெரிந்த மாதிரித் தலையாட்டிவிட்டுப் போகாதீர்கள். கலியாணத்தன்று நான் சொன்ன "தெரியுது" போதும். ஒருமுறை எங்களோடு வந்த ஒரு அம்மா சனியைப் பார்க்க மாட்டேன் என்றார். வீட்டில் மூத்தவருக்கு ஏழரைச் சனி. நாங்கள் யாரும் வாதாடவில்லை. சனி சூரியனைச் சுற்ற இருபத்தொன்பதரை வருடம், பன்னிரண்டு ராசிக்குப் பங்கு போட்டால் ஒன்றுக்கு ஏறத்தாழ இரண்டரை வருடம், மூன்று ராசிக்கு ஏழரை. அந்தக் கணக்கை மட்டும் பொறுப்பாளர் ஐயா சொன்னார். அம்மா கொஞ்ச நேரம் பாயில் இருந்து யோசித்துவிட்டு எழும்பி வந்து பார்த்தார். வளையத்தோடு பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு, "இவ்வளவு சின்னதாவே இருக்கு?" என்று மெல்லக் கேட்டார்.

இரண்டு மூன்று இரவு வந்த பிறகு ஒரு வேலையை ஏற்றுக்கொள்ளுங்கள். கூட்டத்தில் சேர்வது என்றால் எங்களுக்கு அதுதான். ஒருவர் வான் வண்டி பிடிப்பார். ஒரு தம்பி, பார்த்தவற்றைக் கொப்பியில் நேரத்தோடு எழுதுவான். நான் தொலைநோக்கிக்கு உறை தைத்தேன், உள்ளே பருத்தி, வெளியே படங்கு. கடல் உப்பு கண்ணாடியில் படிந்தால் துடைக்கத் துடைக்கக் கீறல் விழும். அதனால் முதலில் ஊதி, பிறகு மென்மயிர்த் தூரிகை, கடைசியாகத்தான் துணி. மழை மாதங்களில் வில்லைகளை சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவுக்குள் மூடி வைப்போம். இல்லாவிட்டால் பூஞ்சணம் பிடித்துவிடும்.

இரவில் வர முடியாதவர்கள் சித்திரை வருடப்பிறப்புக்கு இரண்டு நாள் முன்னால், ஏப்ரல் 12 அளவில், பகல் பன்னிரண்டு மணிக்கு என் கடைக்கு வாருங்கள். வாசலில் மேசை போட்டு நூல்கட்டைகளை நிமிர்த்தி வைத்திருப்பேன். பன்னிரண்டு தாண்டி ஆறு நிமிடமளவில் சூரியன் நேர் உச்சிக்கு வரும்போது, கட்டையின் நிழல் சுருங்கிச் சுருங்கி அதன் அடிக்குள் போய்விடும். ஆகஸ்ட் கடைசியிலும் ஒருமுறை வரும். போன வருடம் மேசையைச் சுற்றிப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் எட்டுப் பேர் நின்றார்கள். அவர்களில் மூன்று பேர் அடுத்த அமாவாசைக்குத் தாய்மாரோடு நிலாவெளிக்கு வந்தார்கள்.