எருக்கிலை தின்னும் புழு விஷத்தை என்ன செய்கிறது? நீங்களே பார்க்க ஒரு வழி

விஷச் செடி தின்னும் புழுவுக்கு விஷம் ஏறாது என்று பலரும் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அப்படி இல்லை. விஷத்தை வாய்க்கு வெளியிலேயே வடித்துவிடுவது, குடலில் திசைதிருப்புவது, எச்சத்தோடு தள்ளிவிடுவது, தாங்கிக்கொண்டு உடம்பிலேயே சேர்த்து வைப்பது என்று ஒவ்வொரு புழுவுக்கும் ஒரு வழி உண்டு. இதில் கொஞ்சத்தை ஒரு கைலென்ஸும் பொறுமையும் இருந்தால் நேரிலேயே பார்க்கலாம்.

எருக்கிலிருந்து தொடங்குங்கள், அதுதான் சுலபம். இலையைத் திருப்பிப் பாருங்கள்: கறுப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டைகளும் மூன்று ஜோடி கறுப்புக் கொம்புகளும் இருந்தால் அது வெந்தய வரியன் என்ற வண்ணத்துப்பூச்சியின் புழு. எருக்கம்பால் கண்ணில் பட்டால் கருவிழியே பாதிக்கப்படும், அதனால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள், முடிந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள்.

புழுவைத் தொடாமல், அது தின்னத் தொடங்குவதற்கு முன்னாலேயே கவனிக்க ஆரம்பியுங்கள், ஏனென்றால் முக்கியமான வேலை அப்போதுதான் நடக்கிறது. வளர்ந்த புழு நேராக இலை விளிம்பைக் கடிக்காமல் முதலில் காம்பையோ நடு நரம்பையோ அரித்து வெட்டும், பால் அங்கே வடிந்துபோகும், அப்புறம் வெட்டுக்கு அப்பால் உள்ள பகுதியைத் தின்னும். மேலே வால்வை மூடிவிட்டுக் குழாயைக் கழற்றுகிற மாதிரிதான். பொரித்த புதிதில் நரம்பை வெட்டும் பலம் இருக்காது, அதனால் வெந்தய வரியனுக்கு உறவான, பால்செடிகளில் வளரும் மொனார்க் வண்ணத்துப்பூச்சியின் குட்டிப் புழு இலையில் வட்டமாக ஒரு பள்ளம் அரித்து அதற்குள் மட்டும் மேயும். அப்படியும் பாலில் ஒட்டிச் சாகிறவை நிறைய.

இவ்வளவுக்குப் பிறகும் உள்ளே போகிற விஷம்? எருக்கில் இருப்பது இதயத்தைத் தாக்கும் வகை. உயிரணுக்களில் சோடியத்தை வெளியேயும் பொட்டாசியத்தை உள்ளேயும் தள்ளும் புரதமான சோடியம்-பொட்டாசியம் பம்பில் போய் ஒட்டி அதை நிறுத்திவிடும். மொனார்க்கின் பம்பில், புரதச் சங்கிலியின் 111, 119, 122 ஆகிய மூன்று இடங்களில் அமினோ அமிலம் மாறியிருக்கிறது, அதனால் விஷம் சரியாக ஒட்டுவதில்லை. 2019இல் இதே மூன்று மாற்றங்களைப் பழ ஈயில் செய்து பார்த்தார்கள், அதற்கும் தாங்கும் சக்தி வந்தது. பம்ப் தாங்குவதால்தான் புழுவால் விஷத்தைச் சேர்த்து வைக்க முடிகிறது. அது கூட்டுப்புழு வழியாக வண்ணத்துப்பூச்சி வரை போய், தின்ற பறவையை வாந்தி எடுக்க வைக்கும்.

சரி, அடுத்து ஒப்பிட்டுப் பார்க்க முட்டைக்கோஸ் செடியில் ஒரு புழுவைத் தேடுங்கள். இங்கே கதையே வேறு. கடுகுக் குடும்பச் செடிகளில் மூலப்பொருள் ஒரு இடத்திலும் அதை உடைக்கும் நொதி வேறு இடத்திலும் இருக்கும், இலை கடிபட்டால் இரண்டும் கலந்து காரமான விஷம் உண்டாகும். முட்டைக்கோஸ் வெள்ளை வண்ணத்துப்பூச்சியின் புழுவுடைய குடலில் இருக்கும் ஒரு புரதம் அந்த வினையைத் தீங்கு குறைந்த நைட்ரைல் என்ற பொருளின் பக்கம் திருப்பிவிடுகிறது. வைரமுதுகுப் பூச்சியின் புழு இன்னும் சாமர்த்தியம்: மூலப்பொருளிலிருந்து சல்பேட்டைக் கழற்றிவிடும், அப்புறம் நொதிக்கு அங்கே வேலையே இல்லை. புகையிலை தின்னும் கொம்புப்புழுவோ நிகோடினில் பெரும்பகுதியை எச்சத்திலேயே தள்ளிவிட்டு, மிகக் கொஞ்சத்தை மூச்சுத்துளை வழியாக வெளியே விடும், அதிலேயே ஓநாய்ச் சிலந்தி பின்வாங்கிவிடுகிறது.

டப்பாவில் வளர்த்துப் பார்ப்பதானால் காற்றுத் துளை வேண்டும், எச்சத்தைத் தினமும் அள்ளிவிட வேண்டும், இல்லையென்றால் பூஞ்சை பிடிக்கும். எந்தச் செடியில் எடுத்தீர்களோ அதே வகை இலைதான் கொடுக்க வேண்டும். எருக்கைத் தாங்குகிறதே, அரளியும் தாங்கும் என்று நினைத்து மாற்றாதீர்கள். பெரும்பாலும் தொடாமல் பட்டினி கிடக்கும். மருந்து அடித்த இலை கூடவே கூடாது. பம்பில் வந்த மாற்றம் பம்பைத் தாக்கும் விஷத்துக்கு மட்டும்தான், பூச்சிமருந்து வேறு இடத்தில் தாக்குவதால் எருக்கு தின்னும் புழுவும் அதில் செத்துப்போகும்.

தின்பதை நிறுத்திவிட்டு மேலே ஏறி அலைந்தால் கூட்டுப்புழுவாகத் தயாராகிறது, இனி இலை வைக்க வேண்டாம், டப்பாவை அசைக்கவும் வேண்டாம்.