பழைய நாணயத்தின் மேற்பரப்பைச் சோதிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பினாங்கு லோரோங் கூலிட் காலைச் சந்தையில் பழைய நாணயம் வாங்க வருபவர்கள், விரித்த துணியிலிருந்து ஒன்றைக் கையில் எடுத்ததும் கீறல் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்கிறார்கள். இருந்தால் கீழே வைத்துவிடுகிறார்கள். இல்லையென்றால் விலை பேசத் தொடங்குகிறார்கள். நாணயத்தின் மேல் தெரியும் ஒரு தடம் அச்சடிப்பதற்கு முன்பே இருந்ததா, அச்சடிக்கும்போது உண்டானதா, பிறகு புழக்கத்தில் விழுந்ததா என்பதைக் கேட்காமல் அதை மதிப்பிடுவதே இத்துறையில் அடிக்கடி நடக்கும் தவறு. நல்ல நாணயம் கைநழுவிப் போவதற்கும், கெட்டுப்போன நாணயத்துக்கு அதிக விலை கொடுப்பதற்கும் இந்தக் கேள்வியைத் தவிர்ப்பதே பெரும்பாலும் காரணமாகிறது.

ஒரு கோடு தெரிந்தால், அது உலோகத்துக்குள் இறங்கியிருக்கிறதா, மேலே எழும்பியிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். நாணயம் வெளிவந்த பிறகு ஏதாவது கீறியிருந்தால் கோடு உள்ளே இறங்கியிருக்கும். ஏர் உழுத சாலின் இருபுறமும் மண் ஒதுங்குவதைப் போல அதன் கரையில் உலோகம் சற்றே ஒதுங்கி நிற்கும். நாணயத்தை அடிக்கும் அச்சிலேயே விரிசலோ கீறலோ இருந்திருந்தால் நிலைமை தலைகீழாகும். அச்சின் பள்ளத்தில் உலோகம் புகுந்து, நாணயத்தில் மேடான கோடாக நிற்கும். அச்சாலையில் அச்சை மெருகேற்றும்போது விழும் நுண்கோடுகளும் இப்படித்தான் மேடாக வரும். இவற்றை அடையாளம் காண இன்னொரு வழியும் உண்டு. நாணயத்தின் வெற்றுப் பரப்பு அச்சில் உயரமாகவும், அரசரின் உருவம் அச்சில் பள்ளமாகவும் இருப்பதால், மெருகுக் கோடுகள் வெற்றுப் பரப்பில் மட்டும் ஓடி உருவத்தின் விளிம்பில் நின்றுவிடும். துடைத்ததால் வந்த மயிரிழைக் கீறல்களோ பரப்பைக் கடந்து அரசரின் கன்னத்தின் மேலும் எழுத்துகளின் மேலும் ஏறிச் செல்லும். மெருகுக் கோட்டைக் கண்டு, துடைத்த நாணயம் என்று முடிவுகட்டி ஒதுக்குபவர்கள் பலர் இருக்கிறார்கள் என்பது வருத்தத்துக்குரியது.

அச்சடிப்பதற்கு முந்தைய குறைகளும் உண்டு. அச்சடிக்கப்படாத வெற்று உலோக வில்லையின் மேல்தோல் செதிலாக உரிந்திருப்பது, எடையைச் சரிசெய்ய வில்லையை அரம் கொண்டு ராவியதால் பழங்கால வெள்ளி நாணயங்களில் தெரியும் இணைகோடுகள் ஆகியவை அந்த வகை. அச்சின் அழுத்தம் போதாத இடங்களில், வில்லையில் முன்பே இருந்த சிராய்ப்புகள் அழியாமல் நின்றுவிடுவதும் உண்டு. பெரும்பாலும் அரசரின் காதோரத்து முடியில்தான் இது தெரியும். அதைத் தேய்மானம் என்று எடுத்துக்கொள்வது தவறு. தேய்ந்த இடத்தில் ஒளிர்வு அறுந்து, மேடுகள் மங்கிய நிறத்தில் தட்டையாகத் தெரியும். அழுத்தம் போதாத இடத்தில் விவரம் குறைந்திருந்தாலும் உலோகத்தின் நிறம் மாறியிருக்காது.

இவ்வளவையும் பார்க்க வேண்டுமென்றால் வெளிச்சம் சரியாக இருக்க வேண்டும். கடைகளில் இருக்கும் குழல்விளக்கின் கீழ் நாணயத்தை நேராகப் பிடித்துப் பார்ப்பது போதாது, ஏனெனில் எல்லாப் பக்கமிருந்தும் பரவி விழும் ஒளி மயிரிழைக் கீறல்களை மறைத்துவிடும். ஒரே ஒரு மேசை விளக்கின் கீழ், மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு, நாணயத்தின் சுற்றுவிளிம்பை விரல்களால் பிடித்து மெதுவாகச் சாய்த்துச் சுழற்ற வேண்டும். புழக்கத்துக்குப் போகாத வெள்ளி நாணயமாக இருந்தால், நடுவிலிருந்து விரியும் ஒளிப்பட்டைகள் சுழற்சியோடு சேர்ந்து நகரும். அந்த ஒளி எங்கே தடைப்படுகிறதோ அங்கே கண்ணை நிறுத்த வேண்டும். ஒரு திசையில் பார்த்தபோது தெரியாத கீறல், நாணயத்தைக் கால் சுற்றுத் திருப்பியதும் வெள்ளைக் கம்பியாக எழுந்து நிற்பதைப் பார்த்தவர்கள் அதன் பிறகு ஒரே கோணத்தில் பார்த்து வாங்க மாட்டார்கள். கீழே மெத்தென்ற துணி விரித்திருக்க வேண்டும். நாணயத்தின் மேல் குனிந்து பேசவும் கூடாது, தெறிக்கும் எச்சில் துளி நாளடைவில் கறையாகிவிடும்.

உருப்பெருக்கி வாங்கும்போது மிக அதிகத் திறனுள்ளதைத் தேடுவதும் ஒரு தவறு. முதலில் வெறும் கண்ணால் முழு நாணயத்தையும் பார்த்துவிட்டு, பிறகு 5 முதல் 7 மடங்கு பெருக்கும் கண்ணாடியால் தரத்தைப் பார்ப்பதே முறை. 10 மடங்குக் கண்ணாடி அச்சுப் பிழைகளையும் பழுதுபார்த்த இடங்களையும் ஆராய உதவும். எடுத்த எடுப்பில் அதைப் பிடித்தால் எந்த நாணயமும் சிதைந்ததாகவே தோன்றும்.

நம் வீடுகளில் நடக்கும் மிகப் பெரிய சேதம் சுத்தம் செய்வதுதான். குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்ப்பதும் வெள்ளிப் பாத்திரத்தைத் திருநீறு கொண்டு துலக்குவதும் தலைமுறைகளாகக் கைப்பழக்கமாகிவிட்டதால், பாட்டியின் பெட்டியிலிருந்து கறுத்த எட்வர்ட் மன்னர் காலத்து வெள்ளி நாணயம் வெளியே வந்ததும் கை தானாகப் புளிக்கும் திருநீற்றுக்கும் போகிறது. திருநீற்றின் நுண்துகள்கள் வெள்ளியின் மேல் ஒரே திசையில் ஓடும் ஆயிரக்கணக்கான மெல்லிய கோடுகளை விட்டுச்செல்லும். புளியின் அமிலமோ செம்பு நாணயத்தின் மேல்தோலைக் கரைத்து, இயல்புக்கு மாறான இளஞ்சிவப்பு நிறத்தைக் கொடுத்துவிடும். கடைகளில் கிடைக்கும் தோய்ப்புத் திரவங்களும் வெள்ளியின் மேல்தளத்தைக் கரைத்தே பளபளப்பைக் காட்டுகின்றன. திரும்பத் திரும்பத் தோய்த்தால், ஒளிர்வைத் தரும் நுண்வரிகளே கரைந்துபோகும். கறுப்பு படிந்த நாணயம் அசிங்கமானது என்ற எண்ணத்தை விட்டுவிட வேண்டும். மேற்பரப்பைக் கெடுக்காமல் இயல்பாகப் படிந்த நிறத்தைச் சேகரிப்பாளர்கள் விரும்பி வாங்குகிறார்கள். துடைத்த நாணயத்துக்கோ தரநிர்ணய நிறுவனங்கள் தர எண் தராமல், குறையைக் குறிப்பிட்டு மட்டும் சான்றளிப்பது வழக்கம்.

காசு மாலைக்கும் பதக்கத்துக்கும் போய்த் திரும்பிய நாணயங்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். வளையம் பற்றவைத்திருந்த நாணயத்திலிருந்து வளையத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தை ராவி மறைத்து விற்பது உண்டு. இதற்கு முகத்தையும் பின்புறத்தையும் மட்டும் பார்த்தால் போதாது. நாணயத்தைச் செங்குத்தாகப் பிடித்து, அரசரின் தலைக்கு நேர் மேலே உள்ள சுற்றுவிளிம்பைப் பார்க்க வேண்டும். விளிம்பு வரிகள் அங்கே மட்டும் தடைப்பட்டோ, கையால் வெட்டியதுபோல் சீரற்றோ இருந்தால், பக்கத்துப் பரப்பின் நிறம் சூட்டால் மாறியிருந்தால், அது நகையாக இருந்த நாணயம். தராசும் உதவும்: பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய பிரிட்டிஷ் ஆட்சிப்பகுதியான நீரிணைக் குடியேற்றத்தின் 1903, 1904 ஆம் ஆண்டு வெள்ளி டாலர் 26.95 கிராம் எடையுள்ளது, 1907 முதல் 1909 வரை வந்த சிறிய டாலர் சுமார் 20.2 கிராம். ஆண்டும் எடையும் பொருந்தாவிட்டால் மேற்பரப்பை மேலும் ஆராய வேண்டிய அவசியமே இல்லை.

சீன வணிகர்கள் வெள்ளியைச் சோதித்து அடித்த சாப் முத்திரைகளை வெறும் சேதம் என்று தள்ளிவிடுவதும் சரியல்ல. 1895 முதல் 1935 வரை ஆண்டு பொறித்த, திரிசூலம் ஏந்திய பிரிட்டானியாவின் உருவமுள்ள பிரிட்டிஷ் வணிக டாலர் பினாங்கு போன்ற துறைமுகங்களில் கைமாறிய நாணயம். அதன் மேல் விழுந்த முத்திரை அதன் பயணத்தின் சான்று. அதற்கென்றே சேகரிப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் போலி நாணயத்துக்கும் முத்திரை அடிக்கிறார்கள் என்பதால், முத்திரையே உண்மைத்தன்மைக்கு உறுதியல்ல.

போலியைக் கண்டுபிடிக்க மிகவும் பயன்படும் தடம் ஒன்றைப் பலர் கவனிப்பதில்லை. உண்மையான நாணயம் ஒன்றைப் பிரதியெடுத்து அச்சு செய்தால், அந்த மூல நாணயத்தில் இருந்த தழும்பும் அச்சுக்குப் போய்விடும். பிறகு அந்த அச்சில் அடித்த எல்லாப் போலிகளிலும், உதாரணமாகக் கன்னத்தில் அதே இடத்தில், அதே வடிவத்தில், கூர்மை மழுங்கிய பள்ளம் தெரியும். புழக்கத்தில் விழும் தழும்பு இரண்டு நாணயங்களில் ஒரே மாதிரி அமைவதில்லை. ஆகவே ஒரே ஆண்டின் இரண்டு டாலர்களை ஒருவர் விற்கும்போது பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடாமல் வாங்கக் கூடாது. வார்ப்புப் போலிகளில் நுண்குழிகளும் குமிழ்களும் பரப்பெங்கும் தெரியும்.

தழும்பின் எண்ணிக்கையைவிட அது விழுந்த இடம் முக்கியம். கன்னத்திலும் முகத்துக்கு முன்னே உள்ள வெற்றுப் பரப்பிலும் விழுந்த சிறு கீறல் உடனே கண்ணில் படும். முடியின் மடிப்பில் விழுந்தது பெரிதாகத் தெரியாது. நாணயச் சேகரிப்பாளர் வில்லியம் ஷெல்டன் 1949 இல் அமெரிக்கச் செம்புக் காசுகளுக்காக வகுத்து, இன்று பரவலாகப் பயன்படும் 1 முதல் 70 வரையிலான அளவீட்டில், 60 முதல் 70 வரையிலான தரங்கள் தேய்மானமற்ற நாணயங்களுக்கானவை. அதற்குள் ஏற்ற இறக்கத்தைத் தீர்மானிப்பவற்றில் தழும்பின் இடமும் ஒன்று. பெரிய கனமான டாலர்கள் பையில் ஒன்றோடொன்று மோதுவதால் அவற்றில் சிறிது தழும்பு இருப்பது இயல்பு. சிறு காசிடம் எதிர்பார்க்கும் சுத்தத்தை அவற்றிடம் எதிர்பார்க்கக் கூடாது. மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2001 இல் வெளியிட்ட கிஜாங் எமாஸ் போன்ற 999.9 தூய்மைத் தங்கக் காசுகள் மென்மையானவை. நகம் பட்டாலும் தடம் விழும்.

கைப்பேசிப் படத்தை மட்டும் நம்பி வாங்குபவர்கள், சாய்ந்த ஒளியில் எடுத்த படம் சிறு கீறலைப் பெரிதாக்கும், தட்டையான ஒளியில் எடுத்தது எல்லாவற்றையும் மறைக்கும் என்பதை நினைவில் வைத்து, வெவ்வேறு கோணத்தில் சாய்த்த படங்களும் சுற்றுவிளிம்பின் படமும் கேட்க வேண்டும். சான்றளித்த பிளாஸ்டிக் உறையில் உள்ள நாணயமாக இருந்தால், உறையைச் சற்றே சாய்த்துப் பார்க்கலாம்: கீறல் நாணயத்தோடு சேர்ந்து நகராமல் தனியே நகர்ந்தால், அது உறையின் மேல் விழுந்தது.